பக்கத்தின் கடைசி வரி

சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல நாற்காலி. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்குவார்கள், வேகமான இணைப்பு வாங்குவார்கள், நாற்காலிக்கு மட்டும் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் முதுகு போய்விடும், முதுகோடு தொழிலும் போய்விடும். நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நாற்காலியும் அந்த ரகம்தான். பரவாயில்லை, நான் சொல்ல வந்தது நீளமில்லை.

நான் இணையதளம் வடிவமைக்கிறவன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே தனியாகச் செய்கிறேன். பல் டாக்டர், தையல் கடை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று என்னிடம் வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பதற்கு நான் இரண்டு விஷயங்களைக் கடைப்பிடித்தேன். கேள்வி கேட்டு எழுதுகிறவரைப் பதிலில்லாமல் காக்க வைக்கக் கூடாது. செய்து கொடுக்கும் ஒவ்வொரு தளத்திலும் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'வடிவமைப்பு' என்று போட்டு நம் பெயரைப் போட்டுவிட வேண்டும். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கடை வாசல் கிடையாது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அடுத்தவர் தேடி வருவார்.

என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகாதவன் அவர் கணக்கில் வேலையில்லாதவன். வீட்டுக்கு யாராவது வந்தால் என்னை வைத்துக்கொண்டே சொல்வார். "மாப்பிள்ளை இப்ப வீட்லதான் இருக்கார். பொண்ணுதான் ஆபீஸ் போறா." நான் அறையில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டுவார். "சும்மாதானே இருக்கீங்க, இந்த ஃபேன் சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்களேன்."

"அப்பா அப்படித்தான், காதுல வாங்காதீங்க" என்பாள் என் மனைவி. காதைக் கழற்றியா வைக்க முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனையும் சரி செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கேஸ் கடைக்காரர் வந்தார். அடுப்பு, கேஸ் குழாய், ஹீட்டர் எல்லாவற்றையும் வீடு தேடிப் போய்ப் பழுது பார்க்கும் கடை அவருடையது. பேசிய பணத்தைப் பேசியபடி கொடுத்தார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் திருப்தி என்பதே கிடையாது. "இன்னும் கொஞ்சம் பளிச்னு இருந்தா தேவலை தம்பி" என்பார். பளிச்சென்று ஆக்கினால் "கண்ணைக் குத்துதே" என்பார். அவருடைய மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பான். எந்த வேலையிலும் ஒட்டாத ஆள். மாமனார் கடைக்கு டீ வாங்கி வருவதுதான் அப்போதைக்கு அவனுடைய உத்தியோகம்.

கடையின் போன் நம்பரைப் பெரிதாக மேலே போடச் சொன்னார் கடைக்காரர். அது பக்கத்தின் அழகையே கெடுத்தது. நான் விடாமல் பேசி அதை அடியில் தள்ளினேன். மேலே ஒரே ஒரு சிவப்புப் பொத்தான், 'உடனடி உதவி' என்று. அதை அழுத்தி முகவரியையும் பிரச்சினையையும் எழுதினால் கடையின் மெயிலுக்குப் போகும். எழுதியவருக்குத் தானாகவே ஒரு பதில் வரும். 'உங்கள் செய்தி கிடைத்தது. எங்கள் ஆள் கிளம்பிவிட்டார். வீட்டிலேயே இருங்கள்.' அந்த மூன்று வாக்கியங்களுக்கு எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. படித்தவுடன் மனசு அடங்க வேண்டும் அல்லவா.

தளத்தை ஒப்படைத்துச் சில நாள் கழித்து மாமனார் அதிசயமாக என் அறைக்குள் வந்தார். "அப்படி என்னதான் பண்றீங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்துக் கேஸ் கடையின் தளத்தைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் காட்டிக் கடைசி வரிக்கு வந்தேன். அங்கே என் பெயர் இல்லை. 'வடிவமைப்பு: எங்கள் வீட்டு மாப்பிள்ளை' என்று இருந்தது. கடையின் விலைப் பட்டியலை அவ்வப்போது மாற்றிக்கொள்ளட்டும் என்று எழுத்துகளை மாற்றும் வழியை அந்த மருமகனுக்கு நானேதான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மாமனார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். "இது வேற யாரோ பண்ணதுன்னு போட்டிருக்கே மாப்பிள்ளை" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து வெளியே போய், "அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதம்மா, மனசு கஷ்டப்படும்" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். என்னைப் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்று முடிவு கட்டி, அதற்காகப் பரிதாபமும் பட்டார்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அட, கோவிச்சுக்காதீங்க தம்பி. மாப்பிள்ளை என்ன பண்றார்னு சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க, சொல்லிக்க ஒண்ணு வேணாமா? உங்களுக்கென்ன, நூறு வேலை வரும்" என்று சிரித்தார். "சரி சார்" என்று வைத்துவிட்டேன். அவர் வீட்டில் சும்மா இருந்தவன் வடிவமைப்பாளன் ஆகிவிட்டான். வடிவமைத்தவன் என் வீட்டில் சும்மா இருக்கிறவன். கொஞ்சமும் கூசாமல் சிரிக்கிறார் அந்த மனிதர்.

ஒரு தளத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அதன் பொத்தானிலிருந்து வரும் செய்திகளை எங்கள் மெயிலுக்கே வரவைத்துக்கொள்வோம். ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரின் மெயிலுக்கு மாற்றிவிடுவோம். நானும் ஒழுங்காக மாற்றித்தான் கொடுத்திருந்தேன். அன்று மறுபடி உள்ளே போய் எல்லாவற்றையும் என் மெயிலுக்கே திருப்பிவிட்டேன். பாஸ்வேர்டை அவர்கள் மாற்றியிருக்கவே இல்லை. மாற்றத் தெரிந்தால் அல்லவா அந்த வடிவமைப்பாளருக்கு. பெயரை மட்டும் திரும்பப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டால் மறுபடி எடுப்பார்கள். எனக்கு அந்தக் கடை படுக்க வேண்டும்.

அடுப்பு சரியாக எரியவில்லை, ஹீட்டரில் தண்ணீர் சுடவில்லை என்று ஜனங்கள் எழுதினார்கள். தானாகப் போகும் பதில் போனது. ஆள் போகவில்லை. கொஞ்ச நாளில் கடையைக் கண்டபடி திட்டி இணையத்தில் எழுதத் தொடங்கினார்கள். படிக்கப் படிக்க எனக்கு இனித்தது. கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, எல்லாரும் எழுதினோம் எழுதினோம்ங்குறாங்க, எங்களுக்கு ஒண்ணுமே வரலையே?"

"உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க சார். அவர்தானே பண்ணது" என்றேன். கேட்டிருப்பார். அவனும் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போயிருப்பான்.

அந்தப் பெண் எழுதியது ஒரு மதியம். நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் கேஸ் வாடை வருகிறது, மாமியாரால் எழுந்து நடக்க முடியாது, சீக்கிரம் ஆள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். என் மூன்று வாக்கியங்கள் அவளுக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுதினாள். 'வாடை ஜாஸ்தியாகுது. அத்தையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. உங்க ஆள் வந்துடுவாருல்ல, இல்ல நாங்க போயிடவா?'

இந்த இடத்தில் என்னை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. கேள்வி கேட்டு எழுதுகிறவரைக் காக்க வைப்பது என் வழக்கமில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நானே பதில் எழுதினேன். 'எங்கள் ஆள் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். எங்கேயும் போக வேண்டாம்.' எவ்வளவு நேரம் காத்திருக்கிறாளோ அவ்வளவு காரமாகக் கடைக்காரரைத் திட்டுவாள் என்பது என் கணக்கு. 'சரிங்க, ரொம்ப நன்றி' என்று எழுதினாள். நான் திரும்பவும் சாப்பிட உட்கார்ந்தேன்.

அவள் திட்டி எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் டிவியில் அந்த வீட்டைக் காட்டினார்கள். சமையலறைச் சுவர் தெருவில் கிடந்தது. மாமியார் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவளும் கிடந்தாளாம். யாரோ லைட்டைப் போட்டிருப்பார்கள் என்றார்கள். ஸ்விட்சைத் தொட வேண்டாம் என்று ஒரு வாக்கியம் அந்தப் பதிலில் இருந்திருக்கலாம். அது கடைக்காரர் சொல்லித் தந்திருக்க வேண்டியது. எனக்குக் கேஸ் பற்றி என்ன தெரியும்.

மறுநாள் கடைக்காரரையும் மருமகனையும் நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். 'இணையதளத்தை வடிவமைத்த மருமகன் கைது' என்று பேப்பரில் வந்தது. என் மாமனார் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். அந்தப் பக்கத்தின் படத்தையும் போட்டிருந்தார்கள். அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு திறமையான பையன், புத்தி இப்படிப் போச்சே" என்றார். திறமை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு பாவமும் அறியாத பிள்ளை உள்ளே இருப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன். அந்தப் பக்கத்தைச் செய்தது நான். பொத்தானை வைத்தது நான். செய்திகளைத் திருப்பிவிட்டது நான். கிளம்ப இருந்தவளை எங்கேயும் போக வேண்டாம் என்று உட்கார வைத்ததும் நான்தான். அவனுக்கு இதில் ஒரு வரிகூடச் சொந்தமில்லை. நீங்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முதல் தாளைக் கொஞ்சம் திருப்புங்கள். எங்கே வேலை என்று உங்கள் ஆள் கேட்டார், வீட்டில் என்றேன். தொழில் என்ற இடத்தில் 'வேலை இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறார். அதை முதலில் திருத்துங்கள்.