மூணு நாளும் எனக்கு

— கலாஸ், நாகா. உம்மா மாஃபி, முடியாதுனு சொல்லிட்டா. வெள்ளிக்கிழம பாலைவனத்துல நம்ம கேம்ப்புக்கு விருந்துக்கு நாப்பது பேரு வர்றாங்களாம். நீ எங்கயும் போகக் கூடாதாம்.

— ஒங்க உம்மாகிட்ட நா கேக்கவே இல்லையே ஷம்சா. போறேன்னு சொன்னேன். கேக்குறது வேற, சொல்றது வேற.

— இருபத்தி மூணு வருசமா கேட்டுத்தான போன?

— கேட்டு கேட்டு வாயே தேஞ்சு போச்சு. இனி சொல்றது மட்டுந்தான். அந்த மாவ ஈரத்துணியால மூடு, காஞ்சு போகும்.

— நாப்பது பேருக்கு யாரு மச்பூஸ் சோறு ஆக்குறது?

— அரிசி இருக்கு, ஆட்டுக்கறி இருக்கு, ஒங்க உம்மாவுக்குக் கையும் ரெண்டு இருக்கு.

— நாகா, இப்புடிப் பேசுனா வாயில சூடு வைப்பேன்.

— அது ஒனக்கு நாலு வயசுல நா சொன்னது. எனக்கே திருப்பிச் சொல்றியா?

— எங்கிட்ட வேற தமிழ் ஏது? நீ திட்டுனது, சோறு ஊட்டுனது, தூங்க வச்சது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— அதுவும் சரிதான். அரபி வீட்டுப் புள்ளைக்கு மஸ்கெலியா தேயிலத் தோட்டத்துத் திட்டு பூராவும் மனப்பாடம். மாப்பிள்ள வீட்டுல போயி எடுத்து விட்டுறாத.

— சிரிக்காத. நா சொல்றதக் கேளு. உம்மாவ நா பாத்துக்கறேன். ஆனா ஒங் கூட்டாளி அந்தக் கஜானி கார்ல போகாத. அது காரா? தீப்பெட்டி. என் வண்டி பெருசு. நானே ஓட்டுறேன். ஹத்தா டேம், ஜெபல் ஹஃபீத் மலை, லீவா மணல்மேடு, மூணும் காட்டுறேன். நல்ல ஓட்டல்ல ரூம் போடுறேன். யல்லா, சரினு சொல்லு.

— வேணாம்.

— ஏன்?

— நீ வந்தா நா எதையும் பாக்க மாட்டேன்.

— நா என்ன ஒங் கண்ணையா மூடப் போறேன்?

— ஷம்சா, ஹத்தாவுக்கு நா எத்தன தடவ போயிருக்கேன் தெரியுமா? பதினோரு தடவ. அந்த டேம்ல தண்ணி என்ன நெறம்னு கேளு.

— என்ன நெறம்?

— தெரியாது.

— பொய். பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்.

— குத்தட்டும். குத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவயாவது பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஹத்தா என்ன தெரியுமா? நீ படகுல ஏற மாட்டேன்னு தரையில உருண்டு அழுதது. ஒந் தம்பி ஒரு செருப்பத் தண்ணியில விட்டுட்டு, அதுதான் வேணும்னு பொழுது சாயிற வரைக்கும் நின்னது. ஒரு வருசம் மழ பேஞ்சு எல்லாரும் ரூமுக்குள்ளயே இருந்தீங்க. அன்னிக்கு நா அறுபது ரொட்டி சுட்டேன். ரொட்டிக் கணக்கு தெரியும், தண்ணி நெறந் தெரியாது.

— சரி, ஜெபல் ஹஃபீத்? அந்த மலை ரோடு ஒனக்குப் பிடிக்கும்னு சொன்னியே?

— ஒனக்குப் பிடிக்கும். அதனால எனக்கும் பிடிக்கும்னு சொன்னேன். எத்தன வளைவுனு தெரியாது. நீ மூணு தடவ வாந்தி எடுத்த, மூணும் எம் மடியில. மேல போனதும் நீங்கள்லாம் எறங்கிப் போட்டோ எடுத்தீங்க. நா சீட்டத் தொடச்சிகிட்டு இருந்தேன். மலையில பொறந்தவ நானு. இந்த நாட்டுல ஒரு மலைய நிமிந்து பாத்ததில்ல.

— லீவாவுல நம்ம எல்லாரும் சேந்து நிக்கிற போட்டோ இருக்குல்ல?

— எடுத்துப் பாரு. நா இல்ல. ஒந் தம்பி வாய்க்குப் பக்கத்துல ஒரு பால் போத்தல் இருக்கும். அதப் பிடிச்சிருக்குற கைதான் நானு. ஒங்க வீட்டு ஆல்பம் அத்தனையிலயும் என்னோட கை மட்டும் இருக்கு, மொகம் இல்ல. இந்த தடவ கஜானிகிட்ட சொல்லிட்டேன், மலைக்கு முன்னால என்ன நிக்க வச்சு எடு, மலை கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல, நா முழுசா இருக்கணும்னு.

— அப்ப நா சின்னப் புள்ள நாகா. இப்ப வாந்தி எடுக்க மாட்டேன். அழ மாட்டேன். நீ சொன்ன எடத்துல நிப்பேன்.

— நீ நிப்ப. எங் கண்ணு நிக்காதே. சாப்புட்டாளா, தண்ணி குடிச்சாளா, வெயில் ஏறுதானு ஒம் மேலயே மேயும். அது ஒங் குத்தமில்ல. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திகிட்டு ஒன்னையே பாத்துப் பழகிட்டேன். நீ பக்கத்துல இருந்தா எனக்கு மலை தெரியாது புள்ள.

— நா பின்னாடி உக்காந்துக்கறேன். பேசவே மாட்டேன்.

— நீ பேசாம இருந்தா இன்னும் மோசம். காய்ச்சலோனு திரும்பித் திரும்பிப் பாப்பேன். கழுத்து சுளுக்கிக்கும்.

— ஒம் போன் அடிக்குது.

— கையெல்லாம் மாவு. எடுத்து ஸ்பீக்கர்ல போடு. கஜானியாத்தான் இருக்கும்.

— அக்கா, நான்தான். ஆபீஸில இருந்து கதைக்கிறன், கெதியா கேளுங்கோ. வியாழக்கிழமை விடிய அஞ்சு மணிக்குக் கராமாவில எங்கட வீட்டில இருந்து வெளிக்கிடுறன். ஆறு மணிக்கு உங்கட கேட்டடியில நிப்பன். முதல் நாள் ஹத்தா. ரெண்டாம் நாள் அல் ஐன், ஜெபல் ஹஃபீத். மலை அடிவாரத்தில சுடுதண்ணி ஊத்து இருக்காம், காலை வைச்சுக்கொண்டு இருப்பம். மூண்டாம் நாள் லீவா. சனிக்கிழமை இரவே திரும்பி வந்திடுவம். எல்லாம் அடிச்சு பிரிண்ட் எடுத்து வைச்சிருக்கிறன்.

— கஜானி, லீவாவுல சூரியன் எறங்குறப்ப நம்ம மணல் மேல இருக்கணும். அத எழுதுனியா?

— எழுதி, கீழ கோடும் போட்டனான் அக்கா.

— ரூமு?

— மலைப்பக்கம் ஜன்னல் இருக்கிற ரூம்தான். ரெண்டு கட்டில். ஆளுக்கொண்டு.

— நல்லது. ஓட்டல்ல நா படுத்ததெல்லாம் புள்ளைங்க கட்டிலுக்குக் கீழ, கம்பளத்துல. இன்னொண்ணு. சமைக்கிற சாமான் ஒண்ணும் எடுத்துட்டு வராத.

— ஒரு கேத்திலும் கொஞ்சத் தேயிலையும்தான் வைச்சிருக்கிறன்.

— அதையும் எடுத்து வெளிய வையி. மூணு நாளு எந்த அடுப்பு முன்னாலயும் நா நிக்க மாட்டேன். யாரோ ஊத்திக் குடுக்குற தேத்தண்ணிய, காலு மேல காலு போட்டு நா குடிக்கணும்.

— அவ கார் மணல்ல பொதஞ்சு போகும்னு சொல்லு நாகா.

— உது ஆரக்கா கதைக்கிறது? உங்கட ஊர்ப் பிள்ளையோ?

— இந்த வீட்டுப் புள்ளதான் கஜானி. ஷம்சா. சொல்லியிருக்கேன்ல.

— அரபிப் பிள்ளையோ? கடவுளே, மலையகத்துத் தமிழ் அப்பிடியே வருதே. தங்கச்சி, எங்கட கார் மணலுக்குள்ள இறங்காது. தார் ரோட்டில நிக்கும். நாங்கள் நடந்து ஏறுவம்.

— நாகாவுக்கு முட்டி வலிக்கும்.

— வலிக்கட்டும். ஒங்க வீட்டு மாடிப்படிய ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஏறுனேன். அப்ப முட்டிய யாரும் விசாரிக்கல.

— அக்கா, ஒண்டு சொல்ல வேணும். கோவிக்காதேங்கோ. தயாபரன் சொல்லுறார், உங்கட மேடம் நீங்கள் ஓடிப்போயிட்டீங்கள் எண்டு எழுதிக் குடுத்தா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஊருக்குப் போகேக்க ஏர்போர்ட்டில மறிச்சுப் போடுவினமாம். உள்ளுக்குப் போட்டாலும் போடுவினமாம். நான் பின்வாங்கேல்ல. உங்களுக்காகத்தான் கேக்கிறன், நல்லா யோசிச்சனீங்களோ?

— ஒம் புருசன் வேற என்ன சொன்னாரு?

— பொம்பிளையள் ரெண்டு பேர் தனிய வனாந்தரத்தில போய் என்ன கிழிக்கப் போறியள் எண்டவர். மூண்டு நாள் நீங்கள் பிள்ளையளுக்குப் புட்டு அவிச்சுப் பாருங்கோ, ஆர் கிழியிறதெண்டு அப்ப தெரியும் எண்டு சொல்லிப்போட்டன்.

— அப்புடிச் சொல்லு. எம் பதிலும் அதான். வியாழக்கிழம ஆறு மணிக்குக் கேட்டுல நிப்பேன். போன வையி.

— நாகா, அவ சொன்னது வெளையாட்டில்ல. உம்மாவும் அதத்தான் சொன்னா. நீ வாசல் கேட்டத் தாண்டுனா எழுதிக் குடுக்கச் சொல்லி பாபாகிட்ட சொல்லுவாளாம். பாபாதான ஒன் கஃபீல், ஒன் விசாவுக்குப் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— போடட்டும். ஓடிப்போறவ பொட்டியக் கட்டி ஒங்க ஹாலுலயே வச்சிட்டா போவா? டிக்கெட்ட விட்டுட்டா போவா? போலீஸ்காரன் கேட்டா நா சொல்லிக்கறேன். மலை பாக்கப் போனேன் ஐயா, வந்துட்டேன்னு.

— மேல உம்மா மணி அடிக்கிறா. ஒன்னத்தான் கூப்புடுறா.

— கேக்குது.

— போகலையா?

— கை வேலையா இருக்கேன். போவேன், மெதுவா. இத்தன வருசம் ஓடுனேன். நாய்க்கு வேலையில்ல, நிக்க நேரமில்லங்குற மாதிரி. இன்னிக்கு நடந்து போறேன்.

— ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஞாயித்துக்கிழம ஊருக்குத்தான போற. அங்கதான் நெறைய மலை இருக்குல்ல? அதப் பாரு.

— அங்க போனா நா அம்மா, மாமியா, பெரியம்மா. ஒருத்தன் வீட்டுக்கு மேல இன்னொரு ரூம் எடுக்கணும்பான், ஒருத்தி புள்ளைக்குக் காது குத்தணும்பா. மகன் ஏர்போர்ட்டுக்கு வருவான். போற வழியிலயே, மருமகளுக்கு ஒடம்பு சரியில்லம்மா, இனி சமையல் நீங்கதானு சொல்லுவான். நல்ல புள்ளதான். ஆனா சொல்லுவான். இந்த வீட்டுச் சமையக்கட்டுக்கும் அந்த வீட்டுச் சமையக்கட்டுக்கும் நடுவுல மூணு நாளு இருக்கு. அதுல மட்டுந்தான் நா யாருக்கும் ஒண்ணுமில்ல. அந்த மூணு நாளும் எனக்கு வேணும்.

— அதுல ஒரு நாள் எனக்குக் குடு.

— மாட்டேன்.

— அர நாள். ஹத்தா மட்டும் வந்துட்டு திரும்பிர்றேன்.

— ஷம்சா, நீ கேட்டு நா இல்லேன்னு சொல்றது இது ஒண்ணுதான். நெலாவக் கேட்டப்ப கூட தட்டுல தண்ணி ஊத்திக் காட்டுனவ நானு. இது முடியாது.

— ஒனக்கு எம் மேல வெறுப்பா?

— வெறுப்பா? நாப்பது நாள் புள்ளையா ஒன்னக் கையில வாங்குனேன். அப்ப எம் மகனுக்கு மூணு வயசு. அவன் மிச்சம் வச்ச சோற நா தின்னது ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. ஒன்னோட மிச்சத்தப் பன்னெண்டு வருசம் தின்னுருக்கேன். வெறுப்பில்ல. ஆனா கோவம் இருக்கு. சொல்லவா?

— சொல்லு.

— ஒனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரந்தான். ஒங் கையில மருதாணி வைக்கிறத நா பாக்கக் கூடாதா? அதுக்குள்ள அனுப்பணுமா? சரி, அனுப்பட்டும். வாயத் தொறந்து ஒருத்தர் சொல்லல. பாலெடுக்க ஃபிரிட்ஜத் தொறக்கப் போறேன், கதவுல என் டிக்கெட்டு காந்தத்துல ஒட்டியிருக்கு, சூப்பர்மார்க்கெட் நோட்டீசு மாதிரி. அப்புடித்தான் எனக்குத் தெரிஞ்சுது. கறிவேப்பிலையத் தூக்கிப் போடுறவங்க கூட அத ஒரு தடவ பாத்துட்டுத்தான் போடுவாங்க.

— நாகா, போதும்.

— போதாது. மேடம் கொணம் தெரிஞ்சதுதான். ஒங்க பாபா வாயே தொறக்க மாட்டாரு. நீ? நா வளத்த புள்ள நீ. கல்யாணம் முடியட்டும், அது வரைக்கும் நாகா இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு நாக்கு வரலையா? அதான் சொல்றேன், இந்த மூணு நாளுல ஒனக்குப் பங்கு இல்ல. ஏன் அழுவுற? அழுது தப்பிக்காத. பதில் சொல்லு.

— சொன்னேன்.

— யாருகிட்ட?

— பாபாகிட்ட.

— என்னன்னு?

— நாகாவுக்கு வயசாயிருச்சு, எல்லாம் மறந்து போகுது, எனக்கு அவ வேணாம், கல்யாணத்துக்கு முன்னாடியே ஊருக்கு அனுப்பிருங்கனு சொன்னேன். டிக்கெட் போட்டது நாந்தான். ஃபிரிட்ஜுல ஒட்டுனதும் நாந்தான். ஒம் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல.

— எனக்கா மறதி? ஒனக்கு மொதப் பல்லு மொளச்ச தேதியக் கேளு, இப்ப சொல்றேன்.

— தெரியும்.

— அப்பறம் ஏன்டி அப்புடிச் சொன்ன?

— வேற எதச் சொன்னாலும் ஒன்ன விட மாட்டாங்க. கல்யாணச் சாமானோட ஒன்னையும் எங்கூட அபுதாபிக்கு அனுப்புறதுனு உம்மா எப்பவோ முடிவு பண்ணிட்டா நாகா. புது வீட்டுல ஒனக்கு ரூம் ஒதுக்கியாச்சு, கட்டில் போட்டாச்சு, ஒங் கட்டிலுக்குப் பக்கத்துலயே தொட்டிலும் வாங்கிப் போட்டாச்சு.