மிஷினில் இருந்த தப்பு

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் அண்ணியிடம், "அழிச்சது மிஷினுதான், நான் இல்ல" என்றாள். சென்னைக் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை போலிருக்கிறது.

"பசங்கெல்லாம் அந்த ஒரே மிஷின்ல எழுதி வெச்சது காணாப்போச்சுன்னு உன்னத்தான வேலைய வுட்டு நிறுத்தினாங்க?"

"ஆமா. அந்த மிஷின ஓட்டற புரோகிராம யார் வேணா படிக்கலாம், திருத்தலாம் அண்ணி. கூட வேலை செய்யற பொண்ணு அச்சடிச்சுக் குடுத்தா. வூட்லயே படிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு பேரு ஒரே நேரத்துல எழுதினா, ஒருத்தர் எழுதினது அழிஞ்சிடுது. அதத் திருத்தி அவகிட்டயே குடுத்தனுப்பினேன். இப்ப எதுவும் காணாப்போறதில்ல. மத்த காலேஜுங்களுக்கும் அத அனுப்பிட்டாங்க."

"அப்ப உன் வேலை?"

"திங்கக்கெழமை வரச் சொல்லிக்கீறாங்க."

"மன்னிப்பு கேட்டாங்களா?"



"மிஷின்ல தப்புன்னு சொன்னாங்க. உம்மேல தப்பு இல்லன்னு யாரும் சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்குப் போற?"

"அந்தப் புரோகிராமப் படிக்கும்போது இன்னொரு தப்பும் கண்ணுல பட்டுது அண்ணி. அதையும் சரி பண்ணணும்."