வாளித்தலையனின் விளக்கு

இந்த நாற்காலியின் உயரம் எனக்குச் சரியாக இருக்கிறது, டாக்டரம்மா. தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து முதுகு போனவளுக்கு இப்படி ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். நீங்களும் சற்றுச் சாய்ந்து உட்காருங்கள். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தீர்களோ, முகம் வாடிக் கிடக்கிறது. தம்பி வெளியே பெஞ்சில்தான் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு பேசக்கூடியதில்லை இது.

முதலில் வாளித்தலையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் தம்பியிடம் "வாளித்தலையன் எங்கே போயிருக்கிறான்?" என்று கேட்பீர்கள். ஆளை நீங்கள் பார்த்ததில்லை. வீடியோ கேமில் வருகிறவன், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட குட்டை மனிதன், அவ்வளவுதான். ஒரு நாள் காற்றடித்து அவன் வீட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதைத் தேடிக் காடு, பனித்தீவு, மணிக்கூண்டு என்று அலைகிறான். வழியில் கிணறு தென்பட்டால் வாளியைக் கழற்றித் தண்ணீர் இறைப்பான். அந்த நேரத்தில் ஆட்டம் பதிவாகும். பதிவு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மறுநாள் திரையில் அவன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை வளர்த்தது நான். என் முதல் சம்பளத்தில் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். அவன் ஆடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பேன். "அக்கா, வௌவால் வந்தா சொல்லு" என்பான். அவன் கண்ணுக்குத் தெரியாத வௌவாலா? என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்காகச் சொல்வான்.

எத்தனையோ புது ஆட்டங்கள் வந்துவிட்டன. தலை நரைத்த பிறகும் தம்பி இவனை விடவில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். வாளித்தலையன் பள்ளத்தில் விழுந்தால் தலையை ஒரு உதறு உதறிவிட்டு எழுந்து நிற்பான். யார் தள்ளியது என்று திரும்பிப் பார்க்கவே மாட்டான். அப்படி ஒருவனைப் பிடிக்காமல் எப்படிப் போகும்?

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த தம்பி, லிஃப்ட் குழியிலேயே விழுந்து தலையில் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி இங்கே, அவன் மனைவிக்கு வேலை வேறு ஊரில். அதனால் என் வீட்டில் தங்கினான். ஆரம்பத்தில் நிஜமாகவே மறந்தான். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. நீங்கள்தான் அந்தப் பழைய ஆட்டத்தை ஆடச் சொன்னீர்கள். நேற்று விட்ட இடத்தை இன்று தானாகச் சொல்லித் தொடரும் பழக்கம் நிலைத்துவிட்டால் வீட்டில் தனியாக இருக்கலாம், மனைவியோடு அனுப்பிவிடலாம் என்றீர்கள்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தது நான்தான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் வேகமாகத் தேறினான். ஒரு மதியம் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, டாக்டர் சரின்னு சொன்னா அடுத்த வாரமே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம்" என்றாள். நல்ல பெண். கஷ்டம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் இஸ்திரிப் பெட்டிக்காக ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். அது விளையாட்டுப் பெட்டியின் பிளக். வாளித்தலையன் கிணற்றடியில் நின்று ஆட்டம் பதிவாகிக்கொண்டிருந்த நேரம். தம்பி பாத்ரூமில் இருந்தான். பதிவெல்லாம் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாக. மறுநாள் காலையில் விளக்கு அணைந்திருந்தது.

"அக்கா, நான் நேத்து பனித்தீவுக்குப் போயிட்டேன்ல?"

'நான்தான்டா பிளக்கைப் பிடுங்கினேன்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. "இல்லையேடா, நீ இன்னும் காட்டையே தாண்டலையே" என்றேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "சரி விடு, மூளைக்கு லிஃப்ட் இன்னும் கீழயே நிக்குது போல" என்றான். அவனோடு நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. பதிவை அழித்து விளக்கை அணைக்க ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் நிச்சயமா என்று கேட்கும். ஆம் என்றால் வாளித்தலையன் தரையில் உட்கார்ந்து வாளியை முகம் மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொள்வான். தோள்வலிக்காக நீங்கள் அவனை வெந்நீரில் நிதானமாகக் குளிக்கச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்த நேரம் போதும். தினமும் செய்யவில்லை. அவன் தெளிவாக இருந்த நாட்களில் மட்டும்.

மணிக்கூண்டு வரை போனதாக உங்களிடம் அவன் சொன்ன அன்று, நான் உங்களைப் பார்த்து இல்லை என்று மெல்லத் தலையாட்டினேன். நடக்காததை நடந்ததாக மூளை புனைகிறது என்று எழுதினீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை கண்ணு, நீங்கள் என்னை நம்பினீர்கள். மாத்திரையைக் கூட்டினீர்கள். அதைச் சாப்பிட்ட பிறகு அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, எச்சில் ஒழுகியது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். பட்டனையும் நானே போட்டுவிட்டேன்.

ஒருநாள் ஆடிக்கொண்டே மணிக்கூண்டின் ரகசியப் படியில் கண்ணை மூடிக்கொண்டு தாவினான். "அக்கா, இந்த இடத்தை இப்பதானே பாக்குறேன். ஆனா விரலுக்குத் தெரியுது பாரு. மூளையைக் கழட்டி வீசிட்டு விரலை வெச்சே பொழச்சுக்கலாம்" என்றான். எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. மறுநாள் அந்த விளக்கும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் என்னோடு சண்டை போடவில்லை. தன்னோடுதான் போட்டான். எதைச் சொன்னாலும் "இது நெசமா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்தான். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, எனக்குக் கல்யாணம் நெசமாத்தான் நடந்துச்சா?" என்றான்.

நடந்தது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவியிடம், "என்னை எதிர்பாத்து ஒக்காந்திருக்காதே. நீ சொன்னது எது, நானா நெனச்சுக்கிட்டது எதுன்னு எனக்கே தெரியல" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டான். அவள் அழுவது கேட்டது. "நான் இருக்கேன்ல, நீ தைரியமா இரு" என்றேன். சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது. இப்போதும் கூசுகிறது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இந்த மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

இத்தனை நாள் சொல்லாததை இன்று ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன முறை நீங்கள் மறதிக்காரர்களுக்கான விடுதி ஒன்றைச் சொன்னீர்கள். வாசலில் எப்போதும் பூட்டு இருக்குமாம், சொந்தக்காரர்கள் குறித்த நேரத்தில்தான் வந்து பார்க்க வேண்டுமாம். அங்கே இவனுக்கு யார் பட்டன் போடுவார்கள்? அவனுக்கு ஒன்றுமில்லை, டாக்டரம்மா. அவன் சொன்னதெல்லாம் நிஜம். பனித்தீவுக்குப் போனான், மணிக்கூண்டில் ஏறினான். அந்தக் கதவு மலை உச்சியில் சாய்ந்து நிற்பதைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டான். எடுத்துக்கொண்டு இறங்குவதுதான் பாக்கி. அன்றைக்கும் விளக்கை அணைத்தேன்.

அதனால் விடுதி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். மாத்திரையையும் குறையுங்கள். அவனிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டான். அவன் மனைவியிடமும் இப்போதைக்கு வேண்டாம். இன்னும் கொஞ்ச காலம் என் வீட்டிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, நான் கிளம்புகிறேன். பெஞ்சில் தனியாக இருக்கிறான், மறதிக்காரனை அவ்வளவு நேரம் தனியாக விடக்கூடாது.