டிரம்ஸ் வாசித்தவர்

டென்சில்: ...அதை அழிச்சுடு பாமா. முதல் கச்சேரி காலேஜ் டேன்னு போட்டுக்கோ. பிள்ளையார் பந்தல்னு சிடி அட்டையில வந்தா எவன் மதிப்பான்?

பாமா: நீதானே கல்யாணத்துக்கு முன்னாடி பெருமையா சொன்ன? தொண்ணூத்தொண்ணுல ஜோகுபாளையம் பிள்ளையார் பந்தல்லதான் நம்ம 'தேர்டு கிராஸ்' பேண்டு பொறந்துச்சுன்னு.

டென்சில்: அப்ப உன்னை மயக்கணும்னு சொன்னது.

சேஷகிரி: பந்தலையே போடும்மா. அதுதான் நிஜம். மூணு இங்கிலீஷ் பாட்டு வரைக்கும் பாவம், ஜனங்க தாங்கிக்கிட்டாங்க. நாலாவதுக்கு பந்தல் போட்ட மண்டலியோட தலைவரே மேடையேறி, "கன்னடா ஹாடு கொத்தில்வேன்ரோ?"ன்னு மைக்கைப் புடுங்கிட்டாரு.

பாமா: கன்னடப் பாட்டே தெரியாதான்னு கேட்டிருக்காரு. நியாயம்தானே?

டென்சில்: அதுக்கு இவன் என்ன பண்ணான்ற? டிரம்ஸ்ல உட்கார்ந்த மேனிக்கு ஒரு கணேச பஜனையை எடுத்து விட்டான். மெதுவாத்தான் ஆரம்பிச்சான். நாலு வரி தாண்டினதும் தாளத்துல ஓட ஆரம்பிச்சுட்டான். நான் கிடாரைத் தூக்கிக்கிட்டு இவன் பின்னால ஓடறேன், பேஸ் கிடாரோட ஹரிஷ்குமார் எனக்குப் பின்னால ஓடறான்...

சேஷகிரி: ஜனங்க எங்க மூணு பேருக்கும் முன்னால ஓடிட்டாங்க.

டென்சில்: சக்கத்தா இருந்துச்சு மச்சா! தேங்காய் உடைக்க வந்தவரு கையில தேங்காயோட ஆடினாரு.

பாமா: சரி, '1991, பிள்ளையார் பந்தல்'. அழிக்க மாட்டேன். அஞ்சு மணிக்குள்ள மெயில் போகணும்னு சிடி கம்பெனியில ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. அடுத்தது?

டென்சில்: 1993. இன்டர்ஸ்டேட் டூர்.

சேஷகிரி: ஹோசூர்டா அது!

டென்சில்: ஹோசூர் வேற ஸ்டேட்டா இல்லையா?

சேஷகிரி: ஆனேக்கல் பஸ்ஸைப் புடிச்சு, அங்க மாறி ஹோசூர் போனோம் பாமா. பெரிய டிரம்மு பஸ் மேல. சந்தாபுரா தாண்டறதுக்குள்ள கண்டக்டர் மூணு தடவை கேட்டுட்டாரு, "சாவு வீடு எந்த ஸ்டாப்புப்பா?"ன்னு.

டென்சில்: திரும்பி வர்றப்ப ஆனேக்கல்ல இவனோட அலர்மேல்மங்கை அத்தை வீட்டுல புளியோதரை. அந்த டூர்லேயே அதுதான் ஹிட்டு.

பாமா: '1993, மாநிலம் தாண்டிய முதல் பயணம்'. புளியோதரையைப் போடலை. அடுத்தது 1994. கேசட். இதைத்தானே இப்ப சிடியா கொண்டு வர்றாங்க? விவரமா சொல்லுங்க.

டென்சில்: அதுக்கு அப்புறம் வரலாம்.

சேஷகிரி: ஆமா... அப்புறம் வரலாம்.

பாமா: வரலாறுன்னா வரிசையா வர வேண்டாமா?

டென்சில்: 1995, ரெண்டாவது பதிப்பு. அதைப் போடு.

பாமா: ஒரே வருஷத்துல ரெண்டாவது பதிப்பா? அவ்வளவு வித்துச்சா?

சேஷகிரி: எங்க வித்துச்சு? முதல் இருநூறு கேசட்டுல 'ஏ' பக்கம் நாங்க, 'பி' பக்கம் வேதநாயகி அம்மாவோட மாரியம்மன் பாட்டு. ஸ்டூடியோவே பக்தி கேசட் போடற ஸ்டூடியோ. காப்பி எடுக்கறப்ப டேப்பு மாறிப்போச்சு.

டென்சில்: கோயில் ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு முடிஞ்சு, கேசட்டைத் திருப்பிப் போட்டா நான் கத்தறேன். பூசாரி ஓடி வந்து நிறுத்தறதுக்குள்ள ரெண்டு பேருக்கு சாமி வந்துடுச்சு.

பாமா: இதை நான் கட்டாயம் போடப் போறேன்.

டென்சில்: போட்டா டைவர்ஸ். 1996, ஷில்லாங், அதை எழுது. குவஹாத்தி வரைக்கும் மூணு நாள் ரயில். இவன் சூட்கேஸ் மேலயே ஸ்டிக்கால தட்டிக்கிட்டு வந்தான். விஜயவாடாவுல டிக்கெட் செக் பண்ண வந்தவரு கும்பிட்டாரு, "பெட்டியை விட்டுடுங்க தம்பி"ன்னு.

சேஷகிரி: பெட்டி ஹரிஷோடது. அதனால கவலைப்படலை.

டென்சில்: அங்க கூட்டமே எங்க பாட்டைப் பாடுது பாமா! கேசட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். மறுநாள் காலையில அந்த ஊர் டிரம்மருங்க நாலு பேரு ஹோட்டல் வாசல்ல வந்து நிக்கறாங்க. கேசட்டுல இருக்கிற மாதிரியே நாலாவது பாட்டை இவன் வாசிச்சுக் காட்டணுமாம். அன்னைக்குன்னு பார்த்து இவனுக்கு பேதி.

சேஷகிரி: வந்துச்சு... என்ன பண்றது?

டென்சில்: அவங்க கிளம்பற வரைக்கும் பாத்ரூமை விட்டு வெளியே வரலை. அவ்வளவு அடக்கம் இவனுக்கு.

பாமா: பேதிக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? சரி. '1998, குழு கலைந்தது'. காரணம்?

சேஷகிரி: ஒய்-டு-கே. ஹரிஷைக் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு. நானும் கம்பெனியில சேர்ந்துட்டேன்.

டென்சில்: அந்த ஹரிஷே சனிக்கிழமை சிடி விழாவுல வாசிக்கணும்னு லீவு போட்டு வந்து இறங்கிட்டான். அமெரிக்காவுல இருக்கிறவன் வந்துட்டான், அல்சூர்ல இருக்கிறவனுக்கு வர மனசில்லை.

பாமா: ஆமா சேஷண்ணா. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நீங்க மட்டும் சரின்னு சொல்லலை. ஒரு வாரமா டென்சிலுக்கு சோறு இறங்கலை.

சேஷகிரி: அஞ்சு வருஷமா ஸ்டிக்கைத் தொடலைம்மா. ரோஹனைக் கூப்பிட்டுக்கங்க. இப்ப இருக்கிற டிரம்மர்ல அவன்தான் நம்பர் ஒன்னுன்னு எல்லாரும் சொல்றாங்க.

டென்சில்: நம்பர் ஒன்னாவே இருக்கட்டும். அவன் சேஷா இல்லையே. பின்னால நீ உட்காரலைன்னா முன்னால நான் நிக்க மாட்டேன். விழாவே வேண்டாம். சிடியை மட்டும் வித்துக்கட்டும்.

சேஷகிரி: டயலாக் விடாத குரு.

டென்சில்: டயலாக் இல்லடா. நிஜமாத்தான்.

பாமா: ரெண்டு பேரும் நல்லா பேச்சை மாத்தறீங்க. 1994-க்கு வாங்க.

டென்சில்: கேசட் வந்துச்சு. நல்லாப் போச்சு. முற்றுப்புள்ளி.

பாமா: ஒவ்வொரு பாட்டுக்கும் யாரு என்ன வாசிச்சாங்கன்னு கேட்டிருக்காங்க. பாட்டு, கிடார், டென்சில். பேஸ், ஹரிஷ்குமார். டிரம்ஸ்...

சேஷகிரி: தனித்தனியா எதுக்கு? 'இசை, தேர்டு கிராஸ்'னு ஒரே வரியில போட்டுடேன்.

டென்சில்: அதெல்லாம் கிடையாது. டிரம்ஸ், சேஷகிரி. பெரிய எழுத்துல போடு. பேப்பர்ல என்ன எழுதினான்? 'டிரம்ஸ் வாசித்தவர் கடிகாரம் போல வாசித்திருக்கிறார்'னு எழுதினான்ல?

சேஷகிரி: அந்தக் கடிகாரத்தை விடேன்டா...

பாமா: ஒரு நிமிஷம். அந்த ஸ்டூடியோவோட பழைய தாள் ஒண்ணையும் ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. இதுல டிரம்ஸுக்கு நேரா 'சந்திரசேகரன்'னு இருக்கே. அஞ்சு பாட்டுக்கும். யாரு இவரு?

டென்சில்: அவரு... அங்க அம்மன் பாட்டுக்கெல்லாம் ரிதம் பேட் வாசிக்கிறவரு. தாள் மாறியிருக்கும். டேப்பையே மாத்தினவங்கதானே? பேஜார் பண்ணாத, மூடு அதை.

பாமா: 'தேர்டு கிராஸ்'னு மேலயே எழுதியிருக்கு டென்சில்.

சேஷகிரி: சந்திரசேகரன்னே போட்டுடு பாமா.

டென்சில்: ஏய், பைத்தியமா உனக்கு? யாரோ தப்பா எழுதி வெச்சதுக்கு உன் பேரை விட்டுக் கொடுப்பியா?

சேஷகிரி: டென்சில், கேளு. சனிக்கிழமை ஏன் வரலைன்னு கேட்டல்ல? இதுக்குத்தான். சிடியைக் கேட்டுட்டு எல்லாரும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வருவாங்க. நான் அப்படி வாசிக்க மாட்டேன். நாலு வரி தாண்டினா ஓடுவேன். உன்னைப் பார்த்து சிரிப்பாங்க. எனக்கு அது வேண்டாம்.

டென்சில்: பழைய மாதிரி வருமான்னு பயப்படற.

சேஷகிரி: வராதுன்னு தெரியும்.

டென்சில்: ...பாமா, நீ கொஞ்சம் உள்ள போறியா?

பாமா: மாட்டேன்.

டென்சில்: சரி, இரு. நீயும் கேட்டுக்கோ... சேஷா, நீ பயப்படற அந்த வாசிப்பு உன்னுது இல்லடா. தாள் மாறலை. ஞாபகம் இருக்கா, திங்கள்லேருந்து புதன் வரைக்கும் மூணு நாள் உன்னைப் போட்டு வதைச்சோம். காதுல ஹெட்போனை மாட்டி, டிக் டிக்னு ஒண்ணை ஓட விட்டு, அதோடயே வாசின்னாங்க. நீ அதைத் தாண்டி ஓடின. திரும்ப, திரும்ப... நாப்பது தடவை. ஒரு தடவை கூட நீ முகம் சுளிக்கலை. 'சாரிடா'ன்னுட்டு மறுபடி ஸ்டிக்கை எடுத்த.

சேஷகிரி: விடுடா...

டென்சில்: விட மாட்டேன். வியாழக்கிழமை காலையில கேசட் கம்பெனிக்காரன் என்னைத் தனியா கூப்பிட்டு, இன்னைக்குள்ள டிரம்மரை மாத்து, இல்லேன்னா கேசட் கிடையாதுன்னுட்டான். வெள்ளிக்கிழமை வேதநாயகி அம்மா வந்துடுவாங்க, ஆடி மாசம், ஸ்டூடியோவுல அம்மன் பாட்டுக்கே இடம் போதலை. எனக்குக் கேசட்டும் வேணும், நீயும் வேணும். நேரா போய் சந்திரசேகரன் கையைப் புடிச்சேன். கேட்ட உடனே சரின்னுட்டாரு. மத்தியானம் நீ இல்லை. அஞ்சு பாட்டையும் வாசிச்சு முடிச்சாரு. உன் கிட்ட சொல்லக் கூடாதுன்னு அங்க மாட்டியிருந்த மாரியம்மன் படத்து மேல சத்தியம் வாங்கினேன்.

பாமா: ஐயோ டென்சில்... ஒன்பது வருஷமா?

டென்சில்: பேப்பர்ல கடிகாரம்னு வந்தப்ப உன் அப்பா வெங்கடசுப்ரமணியன் சார் அதைப் பத்து காப்பி எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? திருடின சாமானை உனக்கே பிரசன்ட் பண்ணின மாதிரி இருந்துச்சு. ஆனா எனக்குப் புடிச்சது உன் ஓட்டம்தான்டா. ஹோசூர்லேயும் ஷில்லாங்லேயும் ஜனங்க ஆடினது அதுக்குத்தான். அதோட வந்தாப் போதும் சனிக்கிழமை.

சேஷகிரி: ...தண்ணி குடும்மா.

டென்சில்: ஏதாவது பேசுடா. திட்டவாவது திட்டு.

பாமா: இந்தாங்க சேஷண்ணா. ஆமா... வியாழக்கிழமை மத்தியானம் நீங்க எங்க போனீங்க?

டென்சில்: ஆனேக்கல். இவன் அத்தை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். ரெண்டு மணிக்கே கிளம்பிட்டான். கர்த்தரே கண்ணைத் திறந்தாருன்னு நினைச்சேன்.

பாமா: ஆடி மாசத்துலயா நிச்சயதார்த்தம்?

டென்சில்: ஏன், வைக்க மாட்டாங்களா?

பாமா: என்னைக் கட்டிக்கிட்டு ஏழு வருஷம் ஆச்சு, இது கூடத் தெரியலை உனக்கு! ஆடியில எங்க வீடுகள்ல ஒரு நல்ல காரியமும் பேச மாட்டாங்க டென்சில். அதுவும் சேஷண்ணா வீட்டுலயா?

சேஷகிரி: அத்தைக்குப் பொண்ணே கிடையாதும்மா. ரெண்டும் பசங்க. இவன் அங்க இலையைத் தவிர எதையும் பார்க்கலை.

டென்சில்: அப்ப எங்கடா போன?

சேஷகிரி: ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு. அங்க போய் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு முன்னால ஸ்டூடியோ பக்கம் வராதீங்கன்னு சந்திரசேகரன் சார் சொல்லியிருந்தாரு.

டென்சில்: அவரு... உன் கிட்டயா?

சேஷகிரி: புதன்கிழமை சாயங்காலமே நான்தான்டா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நாளைக்கு மத்தியானம் நான் இருக்க மாட்டேன், நீங்க வாசிச்சுடுங்க, என்னால டென்சில் கேசட் நிக்கக் கூடாது"ன்னு. நீ என்னைப் போன்னு சொல்ல மாட்ட. எனக்கும் உங்களை விட்டுப் போக மனசு வரலை. மறுநாள் நீயும் போய்க் கேட்டது எனக்கு இப்பத்தான் தெரியுது. மனுஷன் ரெண்டு பேரையுமே காட்டிக் கொடுக்கலை.

பாமா: அப்ப... டிரம்ஸ், சந்திரசேகரன்னு போடட்டுமா?

சேஷகிரி: போடு. பெரிய எழுத்துல போடு. கீழ, மேடையில டிரம்ஸ், சேஷகிரின்னு போடு. சனிக்கிழமை வரேன். ஓடத்தான் போறேன், முன்னாலயே சொல்லிட்டேன்.

டென்சில்: ஒன்பது வருஷம்டா! ஒரு வார்த்தை... ஏன்டா சொல்லலை?

சேஷகிரி: சொல்லணும்னுதான் அன்னைக்கு ராத்திரி பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா ஸ்டூடியோவுக்கு வந்தேன். வாசல்லயே நீ ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "நேத்து நீ கடைசியா வாசிச்சதே பிரமாதமா இருக்குடா, அதையே வெச்சுட்டோம்"னு சொன்ன. உனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படிடா நிஜத்தைச் சொல்றது?