மூன்று முறை தூக்க வேண்டும்

விதா: காபித்தூள் டப்பா மேல் தட்டுலதானே இருக்கு? எடு.

நேவென்கா: நீங்களே எடுத்துக்கோங்க அண்ணி... எனக்குக் கை கொஞ்சம் பிடிச்சிருக்கு.

விதா: எந்தக் கை?

நேவென்கா: ரெண்டும்.

விதா: ரெண்டுமா! கல்யாணப் பொண்ணு விறகு பிளந்தியாக்கும்? நான் இன்னும் உனக்கு நாத்தனாரே ஆகல, அதுக்குள்ள வேலை வாங்குற.

நேவென்கா: ஐயோ, அப்படியில்ல...

விதா: இந்த வெயில்ல ஸ்வெட்டர் வேற. கழட்டு அதை.

நேவென்கா: வேணாம் அண்ணி. தொடாதீங்க... ஆ!

விதா: என்னடி இது? உள்ள இறுக்கமா ஏதோ போட்டிருக்கே... அக்குள்ல பிளாஸ்திரி... யாராவது அடிச்சாங்களா?

நேவென்கா: யாரும் அடிக்கல. ஆபரேஷன். போன வாரம், பெல்கிரேட்ல.

விதா: பெல்கிரேட்லயா... சித்தி வீட்டுக்குப் போறேன்னுதானே என் தம்பி ராதோயேகிட்ட சொன்னே?

நேவென்கா: வேற எப்படிச் சொல்றது? அக்குள்ல மாரு வளந்திருக்கு ராதோயே, அறுத்துட்டு வரேன்னா?

விதா: என்னது!

நேவென்கா: சிரிக்காம கேளுங்க. கருவுல இருக்கறப்போ நமக்கு அக்குள்லேர்ந்து தொடை இடுக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரு கோடு ஓடுமாம். பால் சுரக்கிற கோடு. மனுஷங்களுக்கு அதுல மார்பு மட்டும் தங்கி, மிச்சமெல்லாம் மறைஞ்சுடும். எனக்கு மேல்முனையில கொஞ்சம் மறையாம நின்னுடுச்சு.

விதா: எங்க பன்னிக்கு வரிசையா பதினாலு இருக்கே, அந்தக் கோடா?

நேவென்கா: அதேதான். அதுக்கு மொத்தமும் தங்கிடுது.

விதா: ம்... நான் கொழுப்புன்னுல்ல நெனச்சேன்.

நேவென்கா: நானும்தான். சாப்பாட்டைக் குறைச்சேன், ஓடினேன். கன்னம் ஒட்டிப் போச்சு, அது மட்டும் அசையல. கொழுப்பா இருந்தா கரையும். இது மாசாமாசம் மார்போட சேர்ந்து வீங்கும், சேர்ந்து வலிக்கும். பிள்ளை பெத்தா அங்கேயும் பால் கட்டலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

விதா: அப்போ எடுத்தது நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி?

நேவென்கா: வலிக்காக எடுக்கல அண்ணி. கையில்லாத கல்யாணக் கவுனுக்காக எடுத்தேன். போன கோடையில த்ரீனா ஆத்துல குளிச்சுட்டுக் கரையேறினேன். அவர் ஓடி வந்து, அத்தனை பேர் முன்னாடி, தோள்ல துண்டைப் போட்டு மூடினார். ஒரு வார்த்தை பேசல... அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

விதா: துண்டா?... அடிப்பாவி, அவன் எனக்கும்தான் போடுவான். அம்மாவுக்கும் போடுவான். சின்ன வயசுல வெயில் பட்டு முதுகெல்லாம் கொப்புளிச்சு, நாள் கணக்கா குப்புறக் கிடந்தான். அதுலேர்ந்து யார் வெயில்ல நின்னாலும் துண்டுதான்.

நேவென்கா: அப்போ... வெயிலுக்காகவா?

விதா: கேட்டிருக்கலாமே.

நேவென்கா: ஒரு வார்த்தை... கேட்டிருக்கலாம்.

விதா: அழாதே. குலுங்கினா தையல் இழுக்கும்.

நேவென்கா: இன்னொரு கூத்தும் இருக்கு. கனமா எதையாவது தூக்குற வேலை இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இல்லைங்க, ஒரே ஒரு கல்யாணம்தான் இருக்குன்னேன்.

விதா: அட மண்டு! மாப்பிள்ளை வீட்டு வாசல்ல கோதுமையை இறைச்சுட்டு சல்லடையைக் கூரை மேல பொண்ணுதானே வீசணும்? புள்ளை பொறக்கணும்னு என் பையன் ஊரோஷை மூணு தடவை தலைக்கு மேல யாரு தூக்குறது?

நேவென்கா: வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் ஞாபகமே வந்துது. சதையை எடுத்த இடம் உள்ள பை மாதிரி காலியா இருக்கு. தோலும் அதுக்கு அடியில இருக்கற சதையும் மெல்ல ஒட்டணும். உள்ள போட்டிருக்கற இந்த இறுக்கச் சட்டை அதுக்காகத்தான் அமுக்குது. கையைத் தோளுக்கு மேல தூக்கினா ஒட்டினது பிரிஞ்சு நீர் கோத்துக்கும். ஒரு மாசம் கூடவே கூடாதாம்... ஊரோஷ் எவ்வளவு கனம் இருப்பான்?

விதா: தூக்கிட்டு நாலு அடி நடந்தா எனக்கே மூச்சு வாங்குது.

நேவென்கா: சல்லடையை வேணா... தாழ்வா இருக்கற கோழிக்கூண்டு கூரை மேல வீசட்டுமா?

விதா: வீசு. புள்ளைப்பேறெல்லாம் கோழிக்குப் போயிடும்.

நேவென்கா: ஊரோஷை நீங்க பின்னாடி நின்னு தூக்குங்க அண்ணி. நான் சும்மா கையை மட்டும் வெச்சுக்கறேன். பாட்டும் கூத்துமா இருக்கும், யாரு கவனிக்கப் போறா?

விதா: ஞாயித்துக்கிழமை கட்டிப்பிடிக்க வந்தவனைத் தள்ளி விட்டியாமே.

நேவென்கா: நெஞ்சோட இறுக்கிட்டார். உயிரே போயிடுச்சு. தலைவலின்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்... அப்புறம் அவர் போனே பண்ணல. கோவமா?

விதா: நீ பெல்கிரேட் பஸ்லேர்ந்து இறங்கினதை யாரோ பாத்திருக்காங்க. அவன்கிட்ட வந்து சொல்லிட்டாங்க.

நேவென்கா: அதனால?... ஐயோ, அங்க எனக்கு யாரோ இருக்காங்கன்னா நெனச்சார்?

விதா: வேற என்ன நெனப்பான்? சித்தி வீடுன்னு பொய்... தொட்டா தள்ளி விடற...

நேவென்கா: கேட்டிருக்கலாமே அண்ணி! ஒரு வார்த்தை...

விதா: கேட்டிருக்கலாம்.

நேவென்கா: உங்க போனைக் குடுங்க. கோடு, பன்னி, துண்டு... ஒண்ணு விடாம சொல்லிடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்.

விதா: எடுக்க மாட்டான்டி.

நேவென்கா: அக்கா கூப்பிட்டா எடுப்பார். குடுங்க.

விதா: நேத்து வியன்னா பஸ் ஏறிட்டான்... பூக்கட்டின ராக்கியா சாராயப் புட்டியோட வீடு வீடா கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் போனாரே எங்க சித்தப்பா, அவர் காலையிலேர்ந்து அதே வீடுங்களுக்குப் போயி, யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டிருக்கார். மோதிரத்தைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. உள்ள வந்ததும் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு, வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்... இப்போ எந்த வாயால கேப்பேன்?