மூன்றாவது அழைப்பு

அந்த அறையில் இருந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருப்பேன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

குளிர்பதனக் கிடங்கில் திரையைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு குளிர் அறைக்குள்ளும் கதவருகே ஒரு பொத்தான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தலாம். உடனே என் டெர்மினலில் ஒரு வரி வரும்: அறை எண், நேரம், கடைசியில் "பொய் அழைப்பா?" என்ற கேள்வி. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து "ஆம்" அல்லது "இல்லை" என்று அடிக்க வேண்டும். "இல்லை" என்றாலோ பதிலே போகாவிட்டாலோ கிடங்கு முழுக்கச் சங்கு ஊதும்.

சரக்குப் பெட்டி லேசாக இடித்தாலே அந்தப் பொத்தான் அழுந்திவிடும். நடந்து நடந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

வழி சொன்னது அத்தான். அக்காவின் கணவர், எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், அப்போது என் ஷிஃப்டின் சூப்பர்வைசர்.

"ஏன்டா மச்சான், ராத்திரி பூரா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிகூடதான குடித்தனம் நடத்துற? அதுக்கே பதில் சொல்லக் கத்துக்குடேன்."

கற்றுக்கொடுத்தேன். ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். திரையில் வரும் எழுத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும். நான் சொன்ன சொற்கள் வந்ததும் நான் சொன்ன பதிலை அனுப்பும். அறை எண்ணும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் வரியின் வாலை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "பொய் அழைப்பா?" என்று முடிந்தால் "ஆம்". கூடவே ஒரு விதிவிலக்கு: ஒரே அறையிலிருந்து அடுத்தடுத்து மூன்றாவது அழைப்பு வந்தால் பதில் அனுப்பாதே, சங்கு ஊதட்டும். பெட்டி மூன்று முறை இடிக்காது. மனிதன்தான் அழுத்துவான்.

அந்த விதிவிலக்கை யாரும் கேட்கவில்லை. நானாக எழுதினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலிடத்தில் அத்தான் எல்லாமே தன் மூளையில் உதித்தது என்றார். அவருக்குப் பகல் வேலை கிடைத்தது. கண்ணாடி அறை, எல்லாச் சக்கரமும் உள்ள நாற்காலி. அக்கா வீட்டில் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"இவனுக்கென்ன தெரியும்? நான் சொல்லச் சொல்ல டைப் அடிச்சான், அவ்வளவுதான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் கிடங்கில் ஆள் இல்லை. எனக்கு மாற்று ஆளும் வராததால் பகலிலும் நானே இருந்தேன். அத்தான் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"நாலாம் ரூம்ல ஸ்டாக் பாத்துட்டு வரேன். தூங்கிடாத தொரை."

நிமிஷ வேலைதானே என்று போனைத் தன் மேசையிலேயே விட்டுவிட்டார், குளிர்ச்சட்டைகூடப் போடவில்லை. அந்தக் கதவின் உள்பிடி சரியில்லை, உள்ளேயிருந்து திறக்க வராது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம்" என்றவர் அவர்தான்.

நான்காம் அறையிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்கிரிப்ட் "ஆம்" என்றது. மறுபடி வந்தது. "ஆம்."

பிறகு அக்கா எனக்கு போன் செய்தாள்.

"தம்பி, அத்தான் போனே எடுக்கலடா. பக்கத்துல இருக்காரா?"

"பக்கத்துலதான்க்கா. உள்ள வேலையா இருக்காரு."

அக்காவிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

நான் தூங்கிவிட்டேன் என்று ஸ்டேஷனில் நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள். வேலையில் நான் ஒருநாளும் தூங்கியதில்லை. மாலையில் வந்த காவலாளி கதவைத் திறந்தபோது அத்தானின் கட்டைவிரல் பொத்தானோடு உறைந்து ஒட்டிப்போயிருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். அவர் எதையும் சுலபத்தில் விடமாட்டார்.

மூன்றாவது அழைப்பில் சங்கு ஏன் ஊதவில்லை என்று உங்கள் கம்ப்யூட்டர்காரர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். ஸ்கிரிப்டில் பிழை என்கிறார். நான் எழுதியதில் பிழை கிடையாது. அக்காவின் போனை வைத்ததும், மூன்றாவது அழைப்பு வருவதற்கு முன்பே, அந்த விதிவிலக்கை அழித்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டேன். அதன் பிறகு கீபோர்டை நான் தொடவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தது, அவ்வளவுதான். யாருடைய மூளையில் உதித்தது என்பதை இந்த முறையாவது சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.