ஏழு அறை டப்பா

டீ வேண்டாங்க. பொழுது சாய்ந்துவிட்டது. சூரியன் இறங்கின பிறகு நாங்கள் வாயில் எதுவும் வைப்பதில்லை. எங்கள் தமிழ்ச் சமணர் குடும்பங்களில், நயினார் வீடுகளில், அது பழக்கம். என் பெண் பத்மப்ரியாவும் ஐந்து வயதிலிருந்து அந்த முறையை மீறியதில்லை. இருந்தும் அவள் தொண்ணூற்றைந்து கிலோ இருந்தாள். கண்டதையும் தின்றால் இப்படித்தான் ஆகும் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அதனால்தான் நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

என் பேர் ஜீவகன். திண்டிவனத்தில் இருபத்தெட்டு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பத்மப்ரியா விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா, ரெண்டு சீட்டு புட்ச்சிக்கினு ஒரு டிக்கெட் கேக்கற" என்றான். அவளும் சிரித்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் வரும்வரை அந்தச் சிரிப்பை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தால் எடை இறங்கும், சர்க்கரையும் மூட்டு வலியும் குறையும் என்றார். பள்ளிக்கூடத்து இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று விண்ணப்பித்தோம். கம்பெனி மறுத்துவிட்டது. உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற கணக்கு நாற்பதைத் தொட்டால் ஆபரேஷனுக்குப் பணம் தருவார்களாம். அவளுக்கு முப்பத்தெட்டு. முப்பத்தைந்துக்கு மேல் இருந்து, மருந்துக்கும் அடங்காத சர்க்கரை இருந்தாலும் தருவார்களாம். அவளுக்குச் சர்க்கரை இருந்தது, ஆனால் அடங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி ஒன்பது. அவள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாள், நடந்தாள், கேப்பைக் கூழுக்கு மாறினாள். ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனை மாதிரி அந்தக் கடிதம் வந்தது.

கம்பெனிக்கு நாற்பத்தோரு கடிதம் எழுதினேன். பருமன் ஒரு நோய், சோம்பேறித்தனம் இல்லை என்று எழுதினேன். கால் ஒடிந்தவனிடம் போய் இன்னும் நன்றாக ஒடிந்த பிறகு வா என்று சொல்வீர்களா என்று எழுதினேன். செய்தித்தாளில்கூட அது வந்தது. அதைப் படித்துவிட்டு வேறு ஊர்களிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பேருக்கு வாதாடி வாங்கியும் கொடுத்திருக்கிறேன். அதில் எதற்கும் நான் வெட்கப்படவில்லை, இப்போதும்.

வல்லத்துப் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. அதை விற்றால் ஆபரேஷன் முடிந்துவிடும் என்று என் மனைவி கனகமணி சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. உரிமையாக வரவேண்டியதைக் கொல்லையை விற்று வாங்கினால், கம்பெனி சொன்னது சரி என்று ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்க்கிறவர் இருதயராஜ். நல்ல மனுஷன். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் சார் பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க. லேப்ல ஒரு ரிப்போர்ட்ட மாத்தி வாங்கிக் குடுங்க, ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவன் நான். இத்தனை வருஷத்தில் ஒரு பில்லில்கூட தேதி மாற்றியதில்லை. பொய்யான எண்ணைக் காட்டி அவளுக்கு உரிமை வாங்கினால் அது நிற்காது.

எண் உண்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பத்மப்ரியாவின் மாத்திரைகளை ஏழு அறை உள்ள ஒரு டப்பாவில், நாளுக்கு ஓர் அறையாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். ஜூன் முதல் ஞாயிறிலிருந்து சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, அதே வெள்ளை நிறத்தில், அதே நீளத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வைத்தேன். எலும்புக்கு நல்லது. "இந்த வாரத்து டப்பாம்மா" என்று கொடுப்பேன். அது அந்த வாரத்து டப்பாதான். வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவியைக் கடைக்கு எடுத்துப் போகிறேன் என்றேன், எடுத்துப் போனேன். பழுது என்று நான் சொல்லவில்லை.

ஜூலையில் அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. பள்ளிக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனாள். ஆகஸ்டில் கடையில் ஒரு தடவை பார்த்தேன், முந்நூற்று நாற்பது. கனகமணி அவளைச் சந்தேகப்பட்டாள். விழுப்புரத்தில் பேக்கரியில் ஒளிந்து தின்கிறாள் என்று அவள் கைப்பையைத் துழாவினாள். பத்மப்ரியா என்னிடம் வந்து அழுதாள்.

"சத்தியமா நான் எதுவும் திங்கலப்பா. நீயாவது நம்புப்பா."

"நம்புறேம்மா" என்றேன். உண்மையாகவே நம்பினேன். என்னைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்?

"ஆபரேஷன் எல்லாம் வேணாம்ப்பா. முன்ன மாதிரி சுகர் எறங்கினா போதும்" என்றாள். களைத்துப்போயிருந்தாள். இன்னும் ஒரு மாதம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கம்பெனி மறுபரிசீலனைக்குச் சம்மதித்திருந்தது. புதிய ரத்தப் பரிசோதனை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

செப்டம்பரில் எங்கள் பத்து நாள் நோன்புப் பண்டிகையான பர்வம் வந்தது. கடைசி நாளான சதுர்த்தசிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருக்கப்போவதாக பத்மப்ரியா சொன்னாள். அம்மா சொல்லிச் சொல்லி, தன் நாக்குத்தான் அடங்கவில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள், அதற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தாள். லேசாகக் காய்ச்சலும் இருந்தது. கனகமணிக்குப் பயம்.

"இன்னாங்க இது, மாத்திரை சாப்புடுற பொண்ணு. தண்ணிகூட குடிக்காம இருக்கலாமா?"

"அவளா எடுத்த விரதம். நாம எப்படி தடுக்கறது" என்றேன். தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அவ்வளவு சர்க்கரை உள்ள உடம்பு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் வீட்டுக்கே ஆள் வரவழைத்து ரத்தம் எடுத்தேன். மதியம் அவள் பேச்சு குழறியது, பிறகு நினைவு தப்பியது. விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அறுநூற்று எண்பது, உடம்பில் நீரே இல்லை என்றார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார்.

"உபவாசத்தன்னைக்குத் தவிர, டப்பாவில இருக்கறத வேளை தவறாம சாப்பிட்டுடுவா டாக்டர்" என்றேன். அதுவும் உண்மைதான்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது லேப் ரிப்போர்ட் போனில் வந்தது. மூன்று மாதச் சராசரி பதினொன்று புள்ளி நான்கு. கம்பெனி கொடுத்த கெடு அன்றோடு முடிந்தது. அங்கிருந்தபடியே அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிகாலையில் பத்மப்ரியா போய்விட்டாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

காரியம் முடிந்த நாலாம் நாள் ஒப்புதல் கடிதம் வந்தது. முழுத் தொகையும் அனுமதித்திருந்தார்கள். என் கடிதத்திலிருந்த ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் அதைக் கனகமணியிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் அதை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "டப்பாவில இருக்கறதன்னு டாக்டர்கிட்ட ஏன் சொன்னீங்க? சுகர் மாத்திரைன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள், என் பேச்சு அவளுக்குத் தெரியும். டப்பாவில் உபவாசம் இருந்த செவ்வாய், பிறகு வியாழன், வெள்ளி, சனி அறைகள் காலியாகாமல் இருந்தன. அதைத்தான் ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆமாம், நான்தான் மாற்றி வைத்தேன். பதினைந்து வாரம். என் மகள் என்னால்தான் இறந்தாள். கேட்டால் இதை எங்கேயும் சொல்வேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் புதன்கிழமை காலை, ரத்தம் எடுக்க ஆள் வருவதற்கு முன்னால் நடந்தது. பர்வம் முடிந்ததும் வீட்டில் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். ஒருவர் கேட்டால் மற்றவரும் திருப்பிக் கேட்க வேண்டும், அதுதான் முறை. பத்மப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் கைகூப்பினாள். உதடு வெடித்திருந்தது.

"தெரிஞ்சோ தெரியாமயோ எதனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடுப்பா. சுகர் ஏறினதுக்கு நான்தான் காரணம். உன்ன ரொம்ப அலைய வச்சிட்டேன்."

மன்னித்தேன் என்றேன். அதற்குள் வாசலில் லேப் ஆள் கூப்பிட்டதால் நான் திருப்பிக் கேட்க முடியாமல் போயிற்று. ஆனால் அவளை நான் முழு மனதோடுதான் மன்னித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.